பூட்டிய அறையில் நாலு பேர்

"டைப் அடிச்ச கையை ஒடிச்சுப் போடணும் மேடம். ஆளை மட்டும் காட்டுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

வந்தவர் உட்காரக்கூட இல்லை. சட்டைக் கையில் சாக்பீஸ் தூள், நெற்றியில் வேர்வை. பெரிய டியூஷன் சென்டர் நடத்துகிறவர். ஒரு ஹால் நிறைய பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்குகிற அந்தக் குரல் இப்போது சொந்தத் தொண்டைக்குள்ளேயே தடுக்கி விழுந்துகொண்டிருந்தது.

"ஒடிக்கிறது தனி சார்ஜ் சார். நாங்க பிடிச்சுக் கொடுக்கிறதோட சரி" என்றான் லொள்ளு.

லொள்ளு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்றே கட்டிடத்து வாட்ச்மேன் வைத்தது. வயது நாற்பதை எட்டிப் பார்த்தும் வாய் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அவனுடைய முதலாளியான மேடம், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவர். பணத்துக்காகச் செத்ததாக நடித்தவர்களை உயிரோடு பிடித்துக் கொடுத்துப் பேர் வாங்கியவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். லொள்ளு சொல்லும் எதற்கும் அவர் சிரித்ததில்லை. வாயை மூடு என்று சொன்னதும் இல்லை.

மேடம் கையை நீட்ட, டியூஷன் சார் தன் போனைக் கொடுத்தார்.

திரையில் ஒரு பஸ் ஸ்டாப். கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் முப்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாக நின்றிருந்தாள். படத்தின் இடது கீழ் மூலையில் வெள்ளை எழுத்து.

'இன்னிக்குக் கடை சாத்துறதுக்குள்ள இவளை முடிச்சிடலாமா? வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாப் போதும், விட்டுடறேன்.'

போட்ட ஐடியின் பெயர், 'நாலு பேர்'.

கீழே பதில்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. 'முடிச்சிடு.' 'லைவ்ல போடு தல.' 'பாப்கார்ன் ரெடி.' 'அவளே முடிச்சுப்பா, நீ எதுக்குக் கஷ்டப்படறே.' எல்லாவற்றுக்கும் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள்.

"என் தங்கச்சி" என்றார் டியூஷன் சார். "பெரிய ஜவுளிக் கடையில ஷோ கேஸ் அலங்காரம் பண்றா. பொம்மைக்குத் துணி கட்டி நிறுத்துவாங்களே, அந்த வேலை. போன வருஷம் ஒரு வீடியோ வந்தது... நீங்களே பார்த்திருப்பீங்க."

யார்தான் பார்க்கவில்லை! பட்டப் பகலில் கடையின் கண்ணாடி ஷோ கேஸுக்குள், பொம்மைகளுக்கு நடுவே, ஒரு பெண் அப்படியே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எழுந்திருக்க முடியவில்லை. தெருவில் கூட்டம் கூடியது. கண்ணாடியைத் தட்டி 'என்னம்மா' என்று கேட்க ஒரு கை உயரவில்லை. போன் பிடித்த கைகள்தான் உயர்ந்தன. 'அழுகிற பொம்மை' என்று பெயர் வைத்து, பாட்டுப் போட்டு, ஊர் முழுக்கச் சுற்ற விட்டார்கள். லொள்ளுவும் பார்த்திருந்தான். ஒரு ஜோக்கும் அடித்திருந்தான். என்ன ஜோக் என்று இப்போது ஞாபகமில்லை.

"டாக்டர்கிட்டக் காட்டி, மாத்திரை சாப்பிட்டு, இப்பத்தான் மறுபடியும் வேலைக்குப் போறா. போக ஆரம்பிச்சதும் இந்த நாலு பேர் ஆரம்பிச்சுட்டான். அவளுக்குத் தெரியாம படம் எடுக்கிறான், கீழ இப்படி ஒரு கேள்வி போடறான். இன்னிக்கு நேரடியாவே முடிக்கிறேங்கறான்."

"தங்கச்சிக்கு இது தெரியுமா?"

"தெரிய விடலை மேடம். அவ போனையே பிடுங்கி வச்சிட்டேன். வெறும் பட்டன் போன்தான் கொடுத்திருக்கேன். வீட்ல என் சம்சாரம், கடைல அத்தனை பேர், எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், மூச்சு விடக் கூடாதுன்னு. தினமும் காலைல இவன் போட்டதும் முதல் ஆளா நான் திறந்து பார்த்து, ஒண்ணு விடாம காப்பி எடுத்து வச்சிருக்கேன். எவிடென்ஸ்."

"உங்க சொந்த ஐடியிலேயேவா சார்?" என்றான் லொள்ளு. "யார் யார் பார்த்தாங்கன்னு போட்டவனுக்குப் பேரோட தெரியுமே."

"தெரியட்டும். அண்ணன்காரன் பார்க்கிறான்னு பயப்படட்டும்."

"பார்த்தீங்க. வேண்டாம்னு எழுதினீங்களா?" என்றார் மேடம்.

டியூஷன் சார் சுருக்கென்று நிமிர்ந்தார். "அந்தப் பொறுக்கிகிட்டப் போய்க் கெஞ்சச் சொல்றீங்களா? அதுவும் என் பேரோட? பசங்களோட அப்பா அம்மா எல்லாம் பார்ப்பாங்க மேடம். மெண்டல் வீட்டு டியூஷன்னு ஒரு பேச்சு வந்தா முடிஞ்சுது."

லொள்ளு தன் போனை எடுத்தான். "எனக்குத்தான் மானம் மரியாதை ஒண்ணும் கிடையாதே. நான் போட்டுடறேன்."

"வேண்டாம்" என்றார் மேடம். "மீன் கலைஞ்சிடும். நாம தேடறது அவனுக்குத் தெரியக் கூடாது."

தொழில் முறைப்படி அது சரியான முடிவுதான். லொள்ளு போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

மேடம் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். "கடைக்கு வார லீவு என்னிக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"ஒரு செவ்வாய்கூட இவன் எதுவும் போடலை. ஆள் கடைக்குள்ளதான் இருக்கான்."

"சைக்கோவுக்குக்கூட வாரம் ஒரு நாள் லீவு" என்றான் லொள்ளு. "நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை."

கடை நாலு மாடி. வாசலை ஒட்டியே ஷோ கேஸ். மேடமும் டியூஷன் சாரும் மேனேஜர் அறைக்குப் போக, லொள்ளு பொம்மை ரிப்பேர்காரன் என்ற பொய்யோடு கண்ணாடிக்குள் நுழைந்தான்.

அவள் ஒரு பொம்மையின் முதுகுப் பக்கம் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் கறுப்புக் கிளிப்புகள். சட்டைத் துணியை இழுத்து, மடித்து, ஒரு கிளிப். இன்னும் கொஞ்சம் இழுத்து, இன்னொன்று. பின்னால் பார்த்தால் அறுவை சிகிச்சை நடந்த மாதிரி இருந்தது. லொள்ளு முன்னால் வந்து எட்டிப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது.

"ஏமாத்து வேலையா இருக்கே!"

"முன்பக்கம் தெருவுக்கு" என்றாள் அவள், கிளிப்புகளை எடுத்துவிட்டு. "பின்பக்கம் எப்படி இருக்குன்னு யாரும் கேட்க மாட்டாங்க."

"இந்த மூலையை மட்டும் ஏன் மொட்டையா விட்டிருக்கீங்க?" என்று இடது பக்கம் கீழே காட்டினான்.

"அது விலை போர்டு வைக்கிற இடம். எப்பவும் காலியா விடணும். எவ்வளவு அழகா நிறுத்தினாலும் கடைசியில ஜனங்க அதைத்தானே படிக்கிறாங்க." லேசாகச் சிரித்தாள். பிறகு தெருவுக்குப் போய், நடைபாதையில் ஒட்டியிருந்த டேப் மேல் நின்று, கழுத்தில் தொங்கிய போனால் ஒரு படம் எடுத்துவிட்டு வந்தாள்.

"பட்டன் போன்தானேன்னு நினைச்சேன்" என்று வாய் விட்டுவிட்டான் லொள்ளு.

அவள் அவனை ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்த்தாள். "இது கடை போன். தினமும் ஷோ கேஸ் படம் ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும், கடை சாத்தும்போது திருப்பிக் கொடுத்துடணும்" என்றாள். "நான் என்ன போன் வச்சிருக்கேன்னு ரிப்பேர்காரருக்கு எப்படித் தெரியும்?"

நல்லவேளை, அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

மேனேஜர் தாய்மை பொங்குகிற அம்மாள். லொள்ளுவைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தார். "அவகிட்ட எதுவும் உளறிடாதீங்க. நாங்க எல்லாரும் பொத்திப் பொத்தி வச்சிருக்கோம். அந்த நாலு பேர் காலைல போட்டதுமே நான் பார்த்துடுவேன், பார்த்துட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி குட்மார்னிங் சொல்லுவேன். என்ன பாடு தெரியுமா?"

"கஷ்டம்தான் மேடம். உங்களுக்கு" என்றான் லொள்ளு. அம்மாளுக்கு அது உறைக்கவில்லை.

திட்டம் சுலபமானது. ஆள் கடைக்குள் இருக்கிறான். ஆகவே ஆள் பிடிபடும் வரை அவளை யாரும் நெருங்க முடியாத இடத்தில் வைக்க வேண்டும். நாலாவது மாடியில் பொம்மை ரூம் இருந்தது. ஒரே கதவு, வெளியே நல்ல பூட்டு. ஒரு பொம்மைக்குக் கை கழன்றுவிட்டது, மாட்டிக் கொடு என்று மேனேஜர் அனுப்ப, அவள் மறுபேச்சுப் பேசாமல் ஏறிப் போனாள். பின்னாலேயே போன லொள்ளு சத்தமில்லாமல் சாவியைத் திருப்பினான்.

"இனி ஈ எறும்பு நுழையாது" என்று கீழே வந்து சாவியை ஆட்டிக் காட்டினான். "உலகத்திலேயே பத்திரமான பொண்ணு இப்ப அவதான்."

ஆண்கள் பிரிவில் ஒரு சேல்ஸ்மேன் இருந்தான். படியப் படிய வாரிய தலை. மேடம் வருவதைப் பார்த்ததுமே போனைக் கவுன்டருக்கு அடியில் தள்ளினான். லொள்ளு அதை எடுத்து மேடத்திடம் கொடுத்தான். மேடம் திறக்கச் சொல்ல, அவன் திறந்தான். 'பாப்கார்ன் ரெடி' என்று எழுதிய மகராசன் அவன்தான்.

டியூஷன் சார் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "நீதானாடா அது? எந்தக் கைடா? காட்டுடா!"

"சார், சார், நான் அந்த நாலு பேர் இல்லை சார்! சும்மா ஜாலிக்குப் பதில் போட்டேன். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"கூட வேலை பார்க்கிற பொண்ணுடா" என்றான் லொள்ளு.

"அதுக்கென்ன சார்? நேர்ல நான் அவங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லையே. தினமும் அக்கான்னுதான் கூப்பிடறேன்." அவன் முகத்தில் இருந்தது பயம் மட்டும்தான். வெட்கம் மருந்துக்கும் இல்லை. "அக்காவுக்குத்தான் இதெல்லாம் தெரியவே தெரியாதே, அப்புறம் யாருக்கு என்ன நஷ்டம்?"

அவனுடைய போனில் அந்த ஐடி இல்லை. அவன் படம் எதுவும் எடுக்கவுமில்லை. டியூஷன் சார் மட்டும் அவனை விடுவதாக இல்லை. ஒடிக்க ஒரு கை சிக்கிவிட்ட சந்தோஷத்தில் உலுக்கிக்கொண்டே இருந்தார். மேடம் லொள்ளுவை மாடிப்படி ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

"எனக்கு ஒண்ணு இடிக்குது. திட்டறவன் என்ன பண்ணுவான்? திட்டிட்டுப் போவான். இந்த ஐடி ஒரு தடவைகூட அவளைத் திட்டலை, பாரு. 'இவ இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?' 'இவ நாளைக்கு வரலைன்னா யாராவது தேடுவீங்களா?' எல்லாமே கேள்வி. கேட்டுட்டு, பதிலுக்கு நிக்குது."

லொள்ளு படங்களைப் பார்த்தான். பஸ் ஸ்டாப், கேன்டீன் வாசல், கடைக்குப் பின்னால் சந்து. ஒவ்வொன்றிலும் அவள் தனியாக. ஒவ்வொன்றிலும் எழுத்து ஒரே இடத்தில்.

"பாஸ்" என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "எழுத்து எல்லாத்துலயும் இடது மூலையில கீழ இருக்கு. அது... விலை போர்டு வைக்கிற இடம்."

மேடம் பஸ் ஸ்டாப் படத்தைப் பெரிதாக்கினார். அவளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடித் தடுப்பில் அவள் முதுகு மங்கலாகத் தெரிந்தது. சட்டைத் துணியை இழுத்துப் பிடித்தபடி மூன்று கறுப்புக் கிளிப்புகள். ஒன்று மட்டும் கோணல். சொந்த முதுகுக்குக் கை அவ்வளவுதான் எட்டும்.

"பஸ் பிடிக்கப் போறவ முதுகுல கிளிப் போட்டுக்க மாட்டா" என்றார் மேடம் மெதுவாக. "படத்துக்கு நிக்கப் போறவதான் போட்டுப்பா. எங்கேயாவது போனை நிறுத்தி வச்சுட்டு, தானே முன்னாடி போய் நின்னிருக்கா. தன்னை அசிங்கப்படுத்தற படத்துலகூடத் துணி கோணலாத் தொங்கறதை அவளால தாங்க முடியலை."

லொள்ளுவின் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய்ச் சாவியைத் தொட்டது. யார் யார் பார்த்தார்கள் என்று போட்டவருக்குப் பேரோடு தெரியும். அண்ணன், அண்ணி, மேனேஜர், அக்கா என்று கூப்பிடுகிற சேல்ஸ்மேன். தினமும் காலையில் அத்தனை பேரும் வரிசையாக வந்து அவளுடைய கேள்வியைப் படிக்கிறார்கள். படித்துவிட்டு அவளிடமே வந்து குட்மார்னிங் சொல்கிறார்கள்.

"கொல்ல வர்றவன்கிட்டேயிருந்து காப்பாத்தறேன்னு" என்றார் மேடம், "ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல வச்சுப் பூட்டிட்டோம்டா."

லிப்ட் எங்கோ ஜனங்களோடு நின்றிருந்தது. லொள்ளு படிக்கட்டில் பாய்ந்தான். பின்னால் ஓடி வந்த மேடம் கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் கத்தினார். "சார்! அவனை விடுங்க! உங்க போன்ல வேண்டாம்னு எழுதுங்க! இப்பவே! உங்க பேரோட!"

"எதுக்கு மேடம்? அவன்கிட்டயா? எல்லாருக்கும் என் பேர் தெரிஞ்சிடுமே..."

"எழுதுங்க!" என்றவர், மூச்சு வாங்க லொள்ளுவைப் பார்த்தார். "நீயும் போடுடா. நான்தான் உன்னைத் தடுத்தேன்."

ஓடிக்கொண்டே லொள்ளு போட்டான். வேண்டாம். ஒரே வார்த்தை. சொந்தப் பெயர், சொந்தப் படம். அடுத்த மாடி ஏறுவதற்குள் பாக்கெட்டில் போன் அதிர ஆரம்பித்தது. 'ஹீரோ வந்துட்டாரு.' 'மெண்டலுக்கு மாப்பிள்ளை கிடைச்சாச்சு.' 'இவனையும் சேர்த்து முடி.' சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருப்பினான்.

கதவு திறந்தது.

தலையில்லாத உடம்புகள், உடம்பில்லாத கைகள். அவற்றுக்கு அந்தப் பக்கம், திறந்து கிடந்த ஜன்னலின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். கால்கள் இன்னும் அறைக்குள்தான் இருந்தன. கையில் கடை போன். கழன்ற பொம்மைக் கையைச் சொன்னபடி மாட்டி முடித்துவிட்டிருந்தாள்.

"வேண்டாம்னு போட்டது நீங்களா?" என்று கேட்டாள். திரையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேர் புதுசா இருக்கேன்னு பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சவங்க யாரோன்னு நினைச்சுட்டேன்."

"இப்ப தெரிஞ்சுக்கலாமே" என்றான் லொள்ளு. அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

"உங்களையும் கலாய்க்கிறாங்க" என்றாள் அவள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். "அந்தப் பதிலையெல்லாம் படிக்காதீங்க. முதல் நாள் ரொம்ப வலிக்கும்."

லொள்ளுவுக்குக் கண் முட்டியது. கையை நீட்டினான். அவள் யோசித்தாள். பிறகு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மேடம் ஜன்னலைச் சாத்திக் கொக்கி மாட்டிவிட்டு, அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"பூட்டினது தப்பும்மா. கேட்காம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. உன் டாக்டர் நம்பர் சொல்லு, இப்பவே பேசுவோம். நான் கூடவே இருக்கேன், எங்கேயும் போகலை."

அவள் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வாசலில் நிழல் தட்டியது. டியூஷன் சார், மூச்சிரைக்க, சட்டை கசங்கி. கையில் போன். அதில் பதில் எழுதும் கட்டம் திறந்திருந்தது. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை.

"கீழ இருக்கிறவன் இல்லையாமே! அப்ப யாரும்மா அவன்? உனக்குத் தெரியுமா? பயப்படாம சொல்லு. அந்தக் கையை ஒடிக்காம அண்ணன் இங்கேயிருந்து நகர மாட்டேன்."

அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் போனைப் பார்த்தாள்.

"தினமும் நீதாண்ணா முதல்ல பார்க்கறே" என்றாள்.

எழுந்து, வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"இதுதாண்ணா. ஒடிச்சிடு."

அவளுடைய சட்டைக் கை சுருக்கமில்லாமல் நேராக இருந்தது. டியூஷன் சார் அந்தக் கையைத் தொடவில்லை. போன் பிடித்திருந்த தன் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.